ஆறாம் மேசையில் சிவனேஸ்வரி

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணி என்றால் அந்த அம்மா வந்துவிடுவார். லண்டன் பிளேஸ்டோவில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறி, நகர மத்தியில் இறங்கி, பத்து நிமிடம் நடந்து வருவார். வாசல் காவலாளிக்குத் தலையசைப்பார். மழைக்கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டுக் கைப்பையை வயிற்றோடு அணைத்தபடி நேரே ஆறாம் மேசைக்கு நடப்பார். சேலைக்கு மேல் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, காலில் வெள்ளைச் சப்பாத்து. இயந்திரங்கள் மின்னி முழங்கும் அந்தச் சூதாட்ட விடுதியில் அவர் எதையும் திரும்பிப் பார்ப்பதில்லை. கோயிலில் தன் வழக்கமான தூணடிக்குப் போகிறவரைப் போலப் போய் உட்காருவார்.

ஆறாம் மேசையில் அந்த நேரத்துக்குத் தாள் போடும் டீலராக நிற்பவள் பிறேமினி. ஒன்பது வயதில் லண்டனுக்கு வந்து டூட்டிங்கில் வளர்ந்தவள். ஏழு வருடமாக இந்த வேலை. அவளுடைய காற்சட்டைப் பைகள் தைத்து மூடப்பட்டிருக்கும். மேசையை விட்டு விலகும்போது இரு கைகளையும் ஒருமுறை தட்டி, உள்ளங்கைகளைக் கூரையிலுள்ள கமராவுக்கு விரித்துக் காட்ட வேண்டும். மேசையில் நிற்கும்போது டீலர் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது. அந்த அம்மாவைக் கண்ட முதல் நாளே தமிழ் என்று அவளுக்குத் தெரிந்தது. அவருக்கும் இவளுடைய சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்ததும் தெரிந்திருக்கும். என்றாலும் வாரக் கணக்காக இருவருக்கும் நடுவில் "குட் ஆப்டர்நூன் மேடம்" என்பதற்கு மேல் ஒரு சொல் போனதில்லை.

அங்கே ஆட்டம் பிளாக்ஜாக். ஆறு கட்டுச் சீட்டுத் தாள்களை ஒன்றாகக் கலந்து நீளமான பெட்டி ஒன்றில் அடுக்கி, அதன் வாயிலிருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் போட வேண்டும். படத் தாள்களுக்குப் பத்து என்று கணக்கிட்டு, இருபத்தொன்றைத் தாண்டாமல் டீலரை விட அதற்குக் கிட்டே போகிறவர் வெல்வார். பெட்டியின் அடிப்பகுதியில் எழுபது எண்பது தாளுக்கு முன்னால் ஒரு மஞ்சள் அட்டை செருகப்பட்டிருக்கும். அது வெளியே தலை காட்டினால் அந்தச் சுற்றோடு பெட்டி முடிந்தது. அட்டைக்குப் பின்னால் இருப்பவை என்ன தாள்கள் என்று விளையாடியவர்களுக்குக் கடைசிவரை தெரியாது.

மார்ச் மாதத்தில் ஒரு நாள். மஞ்சள் அட்டை வந்தது. மணி நாலு, பழைய தாள்களை ஒதுக்கிப் புதியவை வைக்கும் நேரம். மிச்சத் தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, முகம் தெரிய மேசையில் விரித்துச் சரிபார்ப்பதற்காகப் பிறேமினி கையை வைத்தாள். அந்த அம்மா கைப்பையின் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டே, யாருக்கும் சொல்லாமல், கடையில் வாங்க வேண்டியதை நினைவுபடுத்திக்கொள்கிற குரலில் முணுமுணுத்தார்.

"இஸ்கோப்பன் ஜக் மூண்டு, ஆட்டின் ஜக் ஒண்டு. கிளாவர் ஒன்பது அஞ்சும் உள்ளுக்கையே கிடந்திட்டுது."

பிறேமினியின் வீட்டிலும் ஸ்பேட்டுக்கு இஸ்கோப்பன், ஹார்ட்டுக்கு ஆட்டின், கிளப்புக்குக் கிளாவர், ஜாக்குக்கு ஜக் என்றுதான் பெயர். அவள் தாள்களை விரித்தாள். இஸ்கோப்பன் ஜக் மூன்று. ஆட்டின் ஜக் ஒன்று. ஆறு கட்டிலும் சேர்த்து இருக்கிற ஆறு கிளாவர் ஒன்பதில் ஐந்து அங்கே இருந்தன. நிமிர்ந்து பார்த்தாள். அந்த அம்மா வாசலுக்கிட்டே நின்று மழைக்கோட்டின் கையைத் தேடிக்கொண்டிருந்தார்.

அது தற்செயல் என்று நினைக்க அவள் மிகவும் முயன்று பார்த்தாள். அடுத்த செவ்வாய் வந்தது. அதற்கடுத்த செவ்வாயும் வந்தது. ஆறு வாரம் அவர் முணுமுணுத்தார், ஆறு வாரமும் ஒரு தாள் பிசகவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். மேசையில் இன்னும் நாலைந்து பேர் விளையாடுகிறார்கள், தாள்கள் விழுவதும் வாரப்படுவதுமாக இருக்கின்றன. இவரோ தேத்தண்ணீர் குடிக்கிறார், மூக்கைத் துடைக்கிறார், பக்கத்துச் சீனக் கிழவருக்கு இருமல் இனிப்பு எடுத்துக் கொடுக்கிறார். ஒரு விரலைக்கூட மடித்து எண்ணுவதில்லை. கண்கள் தாளில் இருக்கும். அவ்வளவுதான்.

தாளை எண்ணி விளையாடுகிறவர்களைப் பற்றி டீலர் பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டு முதல் ஆறு வரையான சின்னத் தாள்கள் பெட்டியிலிருந்து நிறையப் போய்விட்டால் மிச்சம் விளையாடுகிறவருக்குச் சாதகம். எண்ணத் தெரிந்தவர் அதுவரை பந்தயத்தைக் குறைவாக வைத்திருந்து, அந்த நேரம் பார்த்துக் கூட்டி வைப்பார். சட்டப்படி குற்றமில்லை. ஆனால் விடுதிக்குப் பிடிக்காது, இனி வர வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவிடும். இந்தக் காலத்தில் அதற்கும் பெரிதாகத் தேவையில்லை. பெரும்பாலான மேசைகளில் ஓயாமல் கலக்கும் மெஷின் வந்துவிட்டது. விழுந்த தாள் அடுத்த நிமிடமே திரும்ப உள்ளே போய்விடும், எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சாது. பழைய வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டதால் இந்த விடுதியில் ஆறாம் மேசை ஒன்றுதான் பழைய பெட்டியோடு தப்பிக் கிடந்தது. அங்கே எண்ணினால் இன்றைக்கும் பலிக்கும்.

சந்தேகம் வந்தால் டீலர் உடனே மேலே சொல்ல வேண்டும். பிறேமினி சொல்லவில்லை. ஆறு வாரமாகச் சொல்லவில்லை. சொன்னால் அந்த அம்மாவின் உறுப்பினர் அட்டை ரத்தாகும், இந்தக் கொம்பனியின் எந்த வாசலும் அவருக்குத் திறக்காது. சொல்லாமல் விட்டது தெரிந்தால் தன் லைசென்ஸுக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவில், செவ்வாய் பகல் வந்தால், இன்றைக்கும் சரியாகச் சொல்லுவாரா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஏழாம் வாரம் மேலேயிருந்து அழைப்பு வந்தது.

கமராக்களைப் பார்க்கும் அறையில் ராம்கி இருந்தான். சென்னைக்காரன், கணிதத்தில் முதுகலை படித்தவன். தாள் எண்ணுகிறவர்களைக் கண்டுபிடிப்பது அவன் வேலை. அவன் முன்னால் இருந்த திரையில் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை உறைந்து நின்றது.

"மூணு வாரமா தூக்கம் இல்லைங்க," என்றான். "இவங்க எண்ணுறாங்க. அது கன்ஃபர்ம். திடீர்னு அஞ்சு பவுண்டை இருபது ஆக்குறாங்க. ஆனா எனக்குத் தெரிஞ்ச எந்த முறையிலும் அது உட்காரலை. புது சிஸ்டம் ஏதோ கண்டுபிடிச்சிருக்காங்க. ஏதாவது பெரிய குரூப்பா இருக்குமோன்னு மேலிடத்துல பயப்படுறாங்க."

அவன் நீட்டிய தாளைப் பிறேமினி பார்த்தாள். அந்த அம்மா கூட்டி வைத்த ஒவ்வொரு முறையும் பெட்டியில் என்னென்ன மிச்சம் இருந்தன என்ற பட்டியல். ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் நீர் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை.

"இது முந்நூற்றிநாலு," என்றாள்.

"அது என்ன, கோட் நம்பரா?"

யாழ்ப்பாணத்தார் கூடுகிற இடமெல்லாம் நடக்கிற தாள் விளையாட்டு அது என்று அவள் விளக்கினாள். அப்பா டூட்டிங் வீட்டில் கூட்டாளிகளோடு விடிய விடிய விளையாடியதைப் படிக்கட்டில் குந்தியிருந்து பார்த்தவள் அவள். நாலு பேர், எதிரெதிரே இருக்கிறவர்கள் சோடி. ஜக்தான் எல்லாவற்றிலும் பெரியது, முப்பது புள்ளி. அடுத்தது ஒன்பது, இருபது புள்ளி. ஆசுவும் ராசாவும் அதற்குக் கீழே. கட்டிலுள்ள புள்ளி முழுவதையும் கூட்டினால் முந்நூற்றுநாலு. கையிலுள்ள தாளைப் பார்த்து, நான் இத்தனை புள்ளி எடுப்பேன் என்று தொகை சொல்லிக் கேட்க வேண்டும். அதற்குப் பெயர் கேள்வி. விழுந்த தாளெல்லாம் நினைவில் இல்லாதவர் அந்த விளையாட்டில் ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்.

"பாருங்கோ, ஜக்கும் ஒன்பதும் நிறைய மிஞ்சேக்கை எல்லாம் கூட்டி வைச்சிருக்கிறா. கேள்வி கேக்கிறா."

"ஆனா ஒன்பது இருந்தா இந்த ஆட்டத்துல ஒரு பிரயோஜனமும் இல்லையே. சின்னத் தாள்தானே முக்கியம்? ரெண்டு, மூணு, நாலு?"

"முந்நூற்றிநாலுக்கு ஏழுக்குக் கீழ தாள் இல்லை ராம்கி. கட்டை உடைச்ச உடனை ரெண்டில இருந்து ஆறு வரைக்கும் எடுத்து ஒரு பக்கம் போட்டிடுவம். அவ அதுகளைப் பாக்கிறதே இல்லை."

ராம்கி நாற்காலியில் சாய்ந்தான். நூற்று இருபது சின்னத் தாள்கள் அந்த அம்மாவின் கண்ணுக்கு முன்னால் விழுந்துகொண்டே இருந்திருக்கின்றன. அவருக்கு அவை மேசை விரிப்பின் பூப்போல. மிச்சம் நூற்றுத் தொண்ணூற்றிரண்டையும் ஒன்றுவிடாமல் பிடித்து வைத்திருக்கிறார். அவன் கணினிக்குத் திரும்பி எதையெதையோ தட்டினான். கால் மணி நேரம் கழித்து, இதனால் அவருக்குச் சல்லிக்காசு லாபம் இல்லை, எல்லோரையும் போலத்தான் தோற்கிறார் என்றான். சொன்ன குரல் மட்டும் மாறியிருந்தது. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பேசுகிறவன் குரல் அது.

"ஐஐடில எங்க புரொபசரால கூட இது முடியாதுங்க," என்றான்.

மனேஜர் வந்தார். முப்பது வருடம் இந்தத் தொழிலில் இருக்கும் வெள்ளைக்காரப் பெண்மணி. முழுவதையும் கேட்டார். லாபம் இல்லாவிட்டால் விட்டுவிடலாமே என்று ராம்கி சொன்னபோது அவர் மறுத்துத் தலையை ஆட்டினார். இப்போது இல்லைதான் என்றார். ஆனால் யாராவது ஒருவர் அவரிடம் ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும், சின்னத் தாள்களையும் சேர்த்துப் பாருங்கள் என்று. அடுத்த நாள் காலையில் இந்த நகரத்தில் எந்த மேசையும் அவருக்கு ஈடுகொடுக்காது. முப்பது வருடத்தில் இப்படி ஒரு தலையைத் தான் கண்டதில்லை என்று மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு முடிவு எடுத்தார். அந்த அம்மா வரலாம், விளையாடலாம். ஆனால் எப்போதும் ஒரே தொகைதான் வைக்க வேண்டும். ஒரு தடவை கூட்டினாலும் அட்டை ரத்து. இதை அவருக்கு விளங்கும் மொழியில் பிறேமினியே சொல்ல வேண்டும். அவள் ஆறு வாரம் வாய் திறக்காததைப் பற்றியும் ஒரு கடிதம் கோப்பில் ஏறும்.

அடுத்த செவ்வாய் பகல், தேநீர் கொடுக்கும் மூலையில், பிறேமினி அந்த அம்மாவின் எதிரே உட்கார்ந்தாள்.

"அன்ரி, கொஞ்சம் கதைக்க வேணும்."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஓ, தமிழ் வருகுது. நான் இந்தப் பிள்ளைக்கு நாக்கைக் கழட்டி வைச்சிட்டுத்தான் மேசைக்கு விடுகினமாக்கும் எண்டெல்லோ நினைச்சன்."

பெயர் சிவனேஸ்வரி என்றார். அறுபத்தொன்பது வயது. நியூஹாமில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவர். முந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் எதற்கு முட்டை ஆகாது, எதற்குக் கச்சான்கடலை ஆகாது, எது மாட்டிறைச்சி தின்னாது என்று சுவரில் ஒட்டிய பட்டியலை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. தட்டோடு வரும் முகத்தைப் பார்ப்பார், அகப்பை தானே நகரும். அதை அவர் ஒரு விசயமாகச் சொல்லவில்லை. வேலையைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

சனிக்கிழமைகளில் முந்நூற்றிநாலு. அவர், கணவர் பத்மநாதன், பக்கத்துத் தெரு செபமாலைமுத்து, அவருடைய தம்பி. இருபத்தேழு வருடம் அதே நாலு கதிரை. முதலில் செபமாலைமுத்து கண்ணை மூடினார். தம்பி கனடாவுக்கு மகளோடு போனார். போன வருடம் தை மாதம் பத்மநாதனும் போய்விட்டார். ஒரு விளையாட்டுக்கு நாலு பேர் வேண்டும். ஒருவர் மிஞ்சியிருந்தார்.

பகலில் டிவியில் ஒரு போட்டி நிகழ்ச்சி போகும். அடுத்த தாள் பெரிதா சின்னதா என்று சொல்ல வேண்டும். சிவனேஸ்வரி வீட்டிலிருந்தே சொல்லுவார். அதில் சேர எழுதிப் போடு என்று மகன் சுஜீத்தைக் கேட்டார். அம்மா, அது நாற்பது வருடப் பழசு, திரும்பப் போடுகிறார்கள், அதில் ஆடுகிறவர்களில் பாதிப் பேர் உயிரோடு இருக்கமாட்டார்கள் என்றான் அவன். அப்படியென்றால் உயிரோடு இருக்கிற ஆட்கள் தாள் போடுகிற இடம் எது என்று விசாரித்துக்கொண்டு இங்கே வந்தார்.

பிறேமினி மெல்ல விசயத்துக்கு வந்தாள். விழுந்த தாளை அவர் நினைவில் வைப்பது மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிட்டது என்றாள்.

"அதுக்கென்ன? ஞாபகம் வைக்கிறது பிழையோ?"

"சட்டப்படி பிழையில்லை அன்ரி. ஆனா இவையளுக்குப் பயம்."

"அப்ப மற்றாக்கள் ஞாபகம் வைக்கிறேல்லையோ?"

"இல்லை அன்ரி. ஒருத்தருக்கும் ஏலாது. எனக்கும் ஏலாது."

சிவனேஸ்வரி திரும்பி ஆறாம் மேசையைப் பார்த்தார். அங்கே சீனக் கிழவரும், கழுத்துப்பட்டி தளர்த்திய இரண்டு வெள்ளைக்காரரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர் முகத்தில் முதலில் திகைப்பு வந்தது. பிறகு, தெருவில் கண் தெரியாத ஒருவரைக் கண்டால் வருமே, அப்படி ஒரு இரக்கம் வந்தது.

"அப்ப அவையள் என்னத்தைப் பாத்து விளையாடுகினம்?" என்று கேட்டார்.

ஏழு வருடம் அந்த மேசையில் நின்றவளுக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வந்ததில்லை. அந்த வெள்ளைக்காரர்கள் மரியாதைக்காகத்தான் பிழையாக ஆடுகிறார்கள், மற்றவருக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று தான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்ததாகச் சிவனேஸ்வரி சொன்னார். நல்ல மனுசர் என்று நினைத்தாராம்.

"அன்ரி, அந்த ரெண்டு, மூண்டு எல்லாம்..." என்று பிறேமினி தொடங்கினாள்.

"அதுகளும் தாளோ பிள்ளை?"

மனேஜர் சொன்ன அந்த ஒரே வசனம் அவள் நாக்கின் நுனியில் நின்றது. சொன்னால் இந்தக் கம்பளிச் சட்டைக்காரி நகரத்தையே வாரிக்கொண்டு போவார். சொல்லிவிடத்தான் மனம் உன்னியது. கோப்பையைப் பிடித்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தாள். அவசரம் இல்லாத கைகள். எதையும் வாரிக்கொண்டு போக வந்த கைகளாகத் தெரியவில்லை. வசனத்தை விழுங்கிக்கொண்டு, ஒரே தொகைதான் வைக்க வேண்டும், கூட்டக் கூடாது, கூட்டினால் இனி வர ஏலாது என்பதை மட்டும் சொன்னாள்.

சிவனேஸ்வரி கோப்பையிலிருந்த தேநீரை முழுவதும் குடித்து முடித்தார்.

"கூட்டி வைக்கிறது உமக்குத்தானே பிள்ளை," என்றார் பிறகு. "நீர் எனக்கு நேர் எதிர நிக்கிறீர். எதிர இருக்கிறவைதானே சோடி. என்ன இருக்கெண்டு சோடிக்குச் சொல்லாமல் எப்பிடி விளையாடுறது?"

"நான் வெண்டால் உங்கட காசெல்லோ அன்ரி போகுது."

"அது தெரியாதோ? காசு கொம்பனியோடை. விளையாட்டு உம்மோடை."

பிறேமினிக்கு அதன் பிறகுதான் எல்லாம் ஓடி வந்தது. தான் இருபத்தொன்று எடுத்த நேரமெல்லாம் இந்த முகம் மலர்ந்தது. எல்லோருடைய காசையும் அவள் வாரும்போது இவர் மட்டும் மெச்சுதலாகத் தலையசைத்தது. அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் இத்தனை வருடமும் அவளைத் திட்டியிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், அவளுடைய கையில் ராசி இல்லை என்று எழுந்து போயிருக்கிறார்கள். அவளுடைய பக்கத்தில் யாரும் இருந்ததில்லை. இரண்டு மாதமாக ஒருவர் இருந்திருக்கிறார், அது அவளுக்கே தெரியவில்லை.

அவளுடைய இடைவேளை முடிந்தது. சிவனேஸ்வரி வருவேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. கோப்பையைத் தட்டோடு எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கழிவறைப் பக்கம் போனார்.

பிறேமினி மேசைக்கு வந்தாள். கைகளைத் தட்டி விரித்துக் காட்டிவிட்டுப் புதிய பெட்டியைத் தொடங்கினாள். எதிரே இருந்த கதிரை காலியாக இருந்தது. ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்று போனது. மூன்றாவதில் அந்தச் சாம்பல் நிறச் சட்டை வந்து உட்கார்ந்து, ஐந்து பவுண் பந்தய வில்லை ஒன்றை எடுத்து வட்டத்துக்குள் வைத்தது.

அப்படியே நாற்பது நிமிடம் போனது. பெட்டி பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஜக் விழுவதே அரிதாக இருந்தது. ஒன்பதும் அப்படித்தான். அவை எல்லாம் கீழே குவிந்து கிடக்கின்றன என்று பிறேமினிக்கே தெரிந்தது. எதிரே இருப்பவருக்கு எத்தனை, எந்த நிறம் என்றுகூடத் தெரிந்திருக்கும். சிவனேஸ்வரியின் முதுகு நிமிர்ந்தது. வலக்கை வில்லைகளின் பக்கம் போனது. மேலே, திரைக்கு முன்னால் ராம்கியும் மனேஜரும் நிற்பார்கள் என்று பிறேமினிக்குத் தெரியும். பெட்டியின் வாயில் வைத்த விரலை அவள் அசைக்கவில்லை.

கை நான்கு வில்லைகளைத் தூக்கியது. அவற்றைச் சிறிது நேரம் விரல்களுக்குள் வைத்திருந்தது. பிறகு மூன்றைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, ஒன்றை மட்டும் வட்டத்துக்குள் தள்ளியது.

சிவனேஸ்வரி நிமிர்ந்து பிறேமினியின் கண்ணைப் பார்த்தார்.

"இருநூற்றி அம்பது," என்றார்.

அது முந்நூற்றிநாலில் யாரும் இலேசில் கேட்கத் துணியாத கேள்வி. பிறேமினியின் அப்பா வாழ்நாளில் இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறார், இரண்டு தடவையும் படிக்கட்டில் இருந்த அவள் எழுந்து நின்றிருக்கிறாள். வில்லை ஒன்றுதான். விதி எதுவும் மீறப்படவில்லை. விளையாடுகிறவர் எந்த மொழியில் எந்த எண்ணைச் சொன்னாலும் விடுதிக்குக் கவலையில்லை. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரர், அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். எண்ணுகிறார் என்று பிறேமினி ஆங்கிலத்தில் சொன்னாள்.

பிறகு தாள்களை இழுத்துப் போட்டாள். சிவனேஸ்வரிக்கு ஆட்டின் ஜக் வந்தது. அடுத்தது இஸ்கோப்பன் ஜக். தனக்கு எடுத்தாள்: கிளாவர் ஒன்பது. அதன் மேல் டயமன்ட் ஜக். இருபதுக்குப் பத்தொன்பது. சிவனேஸ்வரி வென்றார், ஐந்து பவுண்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. வில்லையைத் தள்ளி வைத்த பிறேமினியின் கையையும் பார்க்கவில்லை. விழுந்த தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவை வாரப்பட்டு மறைந்த பிறகு அடுத்த வில்லையை வட்டத்துக்குள் வைத்து, குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, எதிரே நின்றவளுக்கு அடுத்த கேள்வியைச் சொன்னார்.